பழைய சிறிய பெட்ரோல் காரில் இழந்த மைலேஜை மீட்பது எப்படி? மாருதி 800-ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 இன்னமும் நம் ஊர்த் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. 796 சி.சி. எஞ்சின், மூன்று சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை. சிக்கனத்துக்காகவே உருவான வண்டி அது. அது லிட்டருக்குப் பத்து, பதினொன்று கிலோமீட்டர் என்று இறங்கிவிட்டால், "வயதாகிவிட்டது, தள்ளிவிடுங்கள்" என்று ஆலோசனை சொல்லப் பலர் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. குறைந்த மைலேஜுக்குப் பின்னால் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் போதும், மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் பொருள் எதையும் வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை.

ஆல்டோ, ஜென், சான்ட்ரோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: முதலில் அளந்து பாருங்கள்

ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, முள் இறங்குவதைப் பார்த்து மைலேஜைச் சொல்வது வெறும் ஊகம். சரியான முறை டேங்கை நிரப்பி அளப்பதுதான். பெட்ரோல் பங்கில் குழாய் தானாக முதல் முறை நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். தொகையை முழுமையாக்குவதற்காக மேலும் ஊற்ற வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் பாதிக்குக் கீழே இறங்கும்வரை வழக்கம்போல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடியும் அதே போல் நிரப்புங்கள். இடையில் 272 கிலோமீட்டர் ஓடி, இரண்டாம் முறை 17 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. ஒரே ஒரு அளவை நம்பாமல், அடுத்தடுத்து மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிற்கால 800-க்கு உரிய டயர் அளவு 145/70 ஆர் 12. கடையில் கிடைக்கிறது என்று ஆல்டோவின் 145/80 ஆர் 12 டயரைப் போட்டிருந்தால், சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடிவிடும். வண்டி உண்மையில் ஓடிய தூரத்தைவிட மீட்டர் குறைவாகக் காட்டும், மைலேஜும் குறைந்ததுபோல் தோன்றும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால் மீட்டர் சரியா என்று தெரிந்துவிடும்.

இனி வரும் படிகளில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, மறுபடி அளந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும்.

படி 2: டயர் காற்று

காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு, அதை வைக்கக் கூடாது. அழுத்தம் பார்க்கும் சிறிய கேஜ் ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சர் கடைக் கேஜ்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும்.

படி 3: சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா?

பழைய வண்டிகளில் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது மிகவும் சாதாரணம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பிரேக்கை அதிகம் அழுத்தாமல் வண்டியை மெல்ல நிற்கவிடுங்கள். கையைச் சக்கரத்தின் அருகே கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனல் வீசினால் அங்கே பிரேக் விடவில்லை என்று பொருள்.

அடுத்து, சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்குங்கள். பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் தடையின்றிச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுகூட முடியாமல் நின்றால், ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாகவோ துருப்பிடித்தோ இருக்கும். வண்டி முன்சக்கர இழுவை என்பதால் முன் சக்கரங்கள் நியூட்ரலிலும் சற்றுக் கனமாகத்தான் சுற்றும், அதை இதோடு ஒப்பிட வேண்டாம். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் தலையை நுழைக்காதீர்கள்.

படி 4: ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், சோக்

உங்கள் 800 கார்பரேட்டர் (கணினி இல்லாமல் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பாகம்) வண்டியா, 2000-ஆம் ஆண்டையொட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. (கணினி அளந்து பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வண்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் அடைபட்டால் கார்பரேட்டர் வண்டியில் பெட்ரோல் செலவு கூடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணினி பெட்ரோலையும் சேர்த்துக் குறைத்துவிடுவதால் மைலேஜ் பெரிதாக மாறாது, இழுவை மட்டும் குறையும். எதுவானாலும் ஃபில்டரை மாற்றுவது நல்லது.

மூன்று ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசை மாறாமல் ஒரு தாளில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. மூன்றிலும் உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஒன்றில் மட்டும் எண்ணெய்ப் பசையோடு கரி இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் எஞ்சின் ஆயில் புகுகிறது. மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சு நேரடியாக விஷயத்துக்கு வந்துவிடும்.

கையால் இழுக்கும் சோக் (குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், குமிழை உள்ளே தள்ளிய பிறகும் கார்பரேட்டரின் மேல் தகடு முழுவதும் திறக்கிறதா என்று பானட்டைத் தூக்கிப் பாருங்கள். கேபிள் சிக்கி அது பாதி மூடியே இருந்தால், வேறு எதைச் சரிசெய்தாலும் பலன் இருக்காது.

படி 5: தெர்மோஸ்டாட் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதானால் இதைச் செய்யுங்கள். எஞ்சின் சூடாகிறது என்று பட்டறைக்குப் போனால், தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு "நம் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லும் பழக்கம் நம் நாட்டில் பல காலமாக இருக்கிறது. அது முற்றிலும் தவறு. குளிர்ந்த எஞ்சினில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, அதை விரைவில் வேலை வெப்பத்துக்குக் கொண்டுவருவதே அந்த வால்வின் பணி. 80 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் அது திறக்கும். அது இல்லாவிட்டால் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கணினி, "எஞ்சின் இன்னும் சூடாகவில்லை" என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து கடைத்தெருவரை மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இதில்தான் பெரும் இழப்பு.

சோதிப்பது எளிது. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். விசிறிக்கு எட்டாத இடத்தில், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு சரியாக இருந்தால் ஹோஸ் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது. புதிய வால்வின் விலை, அது இல்லாமல் வீணாகும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. மாற்றும்போது கூலன்டையும் மாற்றிவிடுங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

படி 6: பெட்ரோலே மாறிவிட்டது

இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்காக வடிவமைக்கப்படாத பழைய நான்கு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே கணித்தது. ஆகவே முன்பு 18 கொடுத்த வண்டி இன்று 17 கொடுத்தால் அது வண்டியின் குற்றமல்ல. எத்தனால் பழைய ரப்பரையும் பாதிக்கும். பெட்ரோல் ஹோஸ்களில் வெடிப்போ ஈரமோ வாடையோ இருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள்.

படி 7: ஓட்டும் முறை

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். 60-இலிருந்து 80-க்குப் போனால் அந்தத் தடை முக்கால் பங்குக்கும் மேல் அதிகரிக்கிறது. சிறிய எஞ்சினுக்கு அது பெரிய சுமை. ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தி, எஞ்சின் திணறாத அளவுக்குச் சீக்கிரம் மேல் கியருக்கு மாற்றி, 50 முதல் 60-க்குள் சீராகப் போங்கள். எதிரே சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்துவிடலாம்.

இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். எம்.பி.எஃப்.ஐ. வண்டி, கியரில் காலை எடுத்து இறங்கும்போது பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் தேவை. கார்பரேட்டர் வண்டியிலும் கிடைக்கும் சொற்பச் சேமிப்பு ஆபத்துக்கு ஈடாகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வெறும் பிரேக்கில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

எதற்குச் செலவழிக்க வேண்டாம்?

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், மைலேஜ் கூட்டும் மாத்திரை ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். எடை குறையும் என்று டேங்கைப் பாதியிலேயே வைத்திருப்பதும் வீண். 28 லிட்டர் டேங்கில் பாதி என்பது பத்துக் கிலோதான். டிக்கியில் கிடக்கும் பழைய சாமான்களை இறக்கினால் அதைவிடப் பலன்.

இத்தனையும் செய்து, அளந்தும், மைலேஜ் ஏறவில்லையா? அப்போது பட்டறையில் கம்ப்ரஷன் சோதனை (ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் உருவாகும் அழுத்தத்தை அளப்பது) கேளுங்கள். மூன்று சிலிண்டர்களின் அளவும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறைந்தால், அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் அந்தச் சிலிண்டரின் வால்வுதான் (தெர்மோஸ்டாட் வால்வு அல்ல). முதலில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், எஞ்சினைப் பிரிக்காமலே அது முடிந்துவிடும்.