எடையைக் கட்டிக்கொண்டு ஓடலாமா? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் காலை வேளைகளில், கணுக்காலில் மணல் நிரப்பிய எடைப்பட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுபவர் ஓரிருவரையாவது பார்க்க முடிகிறது. பட்டையைக் கழற்றியதும் கால் பஞ்சாகப் பறக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்த லேசான உணர்வு உண்மைதான். ஆனால் அது சில நிமிடங்களில் கலைந்துவிடும் உணர்வே தவிர, காலில் சேர்ந்த வலிமை அன்று. புதிதாகத் தொடங்குபவர்கள் எடையோடு மேட்டிலோ படியிலோ நடந்து ஏறலாம், எடையில்லாமல் ஓடலாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து.

முதல் படி: கணக்கைப் பாருங்கள்

ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. முதுகில் 5 கிலோவைச் சுமந்தால் அடிக்கு 10 கிலோவுக்கு மேல் கூடுகிறது. நிமிடத்துக்கு 160 அடி வீதம் அரை மணி நேரம் ஓடினால் ஒரு காலுக்கு மட்டும் 2,400 முறை அந்தக் கூடுதல் சுமை விழுகிறது. மூச்சும் தசையும் சில வாரங்களில் இதற்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் முழங்காலுக்குக் கீழே உள்ள முன்னெலும்பில் வலியும், முற்றினால் நுண்விரிசலும் வருகின்றன. நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த படைவீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை பிரஷ்யப் படை மருத்துவர் பிரைதாப்ட் 1855-இலேயே பதிவு செய்தார். அது பாத எலும்பின் விரிசல் என்பது எக்ஸ்ரே வந்த பிறகே தெரிந்தது.

இரண்டாம் படி: கணுக்கால் பட்டையையும் கைக் குண்டையும் ஒதுக்கி வையுங்கள்

எடை உடலின் நடுவிலிருந்து விலக விலக அதை வீசி நகர்த்தும் உழைப்பு பெருகுகிறது. ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினாலே ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல் ஏறக்குறைய 1 விழுக்காடு உயர்கிறது. உழைப்பு கூடினால் நல்லதுதானே என்று கேட்கலாம். ஆனால் வீசும் காலை நிறுத்தி இறக்கும் வேலை தொடையின் பின்தசை மீதும் முழங்கால் மீதும் விழுகிறது, நடையின் தாளமும் மாறிவிடுகிறது.

மூன்றாம் படி: பையைத் தயார் செய்யுங்கள்

விலையுயர்ந்த எடைச்சட்டை தேவையில்லை. பழைய பள்ளிப் பையே போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பாட்டில்களே எடைக்கற்கள். உடல் எடையில் இருபதில் ஒரு பங்கில் தொடங்குங்கள்: 60 கிலோ உள்ளவருக்கு மூன்று பாட்டில். விளிம்பு வரை நிரப்பாவிட்டால் தண்ணீர் தளும்பி இடுப்பை இழுக்கும். பாட்டில்களுக்கு இடையே திருப்பூர்ப் பக்கம் கிலோ கணக்கில் விற்கும் பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து, பை தோளுக்கு அருகில் முதுகோடு ஒட்டி நிற்கும்படி வாரை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு முறை குதித்துப் பாருங்கள். பை தனியாகக் குதித்தால் மறுபடியும் கட்ட வேண்டும்.

நான்காம் படி: ஏறுங்கள், ஏறிய பின் கொட்டுங்கள்

கொடுமுடியிலிருந்து பழனிக்குக் காவிரித் தீர்த்தம் சுமந்து செல்பவர்களின் ஊர் இது; அவர்கள் அதை நடந்தே கொண்டு சேர்க்கிறார்கள். நடக்கும்போது ஏதேனும் ஒரு பாதம் எப்போதும் தரையில் இருப்பதால் அதிர்ச்சி குறைவு. மேட்டில் ஏறும்போது இன்னும் குறைவு, மூச்சுக்கும் தொடைக்கும் கிடைக்கும் வேலையோ மிகுதி. சென்னிமலை முருகன் கோயிலின் 1,320 படிகள் தொடக்கத்திலேயே வேண்டாம். முதல் சில வாரங்களுக்கு வீட்டு மாடிப்படியோ ஊர்க் கரட்டின் சரிவோ போதும். மலைக்குப் போனால் கூட்டமில்லாத நாளில், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேற்படாமல், வாய்விட்டு ஒரு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பலரும் செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிடுவதால் காலடியில் வெறும் கல்தான் இருக்கிறது. சுமையோடு படியில் ஓடக்கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இறங்குவதே ஆபத்தான பகுதி. இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் முழங்காலுக்கு அழுத்தம் கூடுகிறது. எனவே உச்சியில் குடிக்க வேண்டியதைக் குடித்துவிட்டு, மீதித் தண்ணீரை ஒரு மரத்தடியில் ஊற்றிவிட்டு, வெறும் பையோடு இறங்குங்கள். மணல் மூட்டைக்குப் பதிலாகத் தண்ணீரைச் சொன்னதற்கு இதுவே காரணம்.

ஐந்தாம் படி: ஓட்டத்தைத் தனியாக வையுங்கள்

ஏறாத நாட்களில் எடையின்றி ஓடுங்கள். ஓராண்டேனும் காயமின்றித் தொடர்ந்து ஓடியவர்கள் வேண்டுமானால் எடைச்சட்டை அணிந்து, மேட்டில் பத்துப் பதினைந்து நொடி விரைவோட்டங்களை முயலலாம். கீழே வருவது நடந்துதான். மூட்டுவலி, முதுகுவலி, இரத்தக் கொதிப்பு, இதயக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் பையைத் தொடக்கூடாது. தசை முழுவதும் கனப்பது இயல்பு. ஆனால் எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் ஏற்றம், ஓட்டம் இரண்டையும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் ஆளைத் தள்ளும் அளவுக்கு வீசும். அப்போது எடையைப் பற்றிய யோசனையே வேண்டாம்: போகும்போது மேற்கு நோக்கி எதிர்காற்றில் ஓடினால் உழைப்பு தானாகக் கூடுகிறது, மூட்டின் மீது ஒரு கிராம்கூட ஏறுவதில்லை. புழுதிக்கு ஒரு கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.