பனங்காய்ப் பணியாரம் கைக்காமல் இருக்க

ஆவணி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் பனம்பழம் விழத் தொடங்கிவிடும். பணியாரத்துக்குக் களி (பழத்தின் சதைக் கூழ்) எடுக்கிறவர்கள் எல்லாப் பழத்தையும் ஒரே சட்டியில் பிசையாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பாருங்கள். கைப்பு மரத்துக்கு மரம் மாறும். ஒரு கைப்புப் பழம் போதும், முழுக் களியும் கெட்டுவிடும். செம்மஞ்சள் நிறத்தைப் பார்த்து இனிப்பென்று நம்ப வேண்டாம், அந்த நிறம் கரோட்டின் என்ற நிறப்பொருளால் வருவது.

கைப்புக்குக் காரணம் பிளபெலிஃபெரின் என்ற சப்போனின் வகைப் பொருள். சப்போனின் தண்ணீரில் நுரைக்கும். நம் பாட்டிமார் பனங்களி போட்டு உடுப்புத் தோய்த்தது இதனால்தான்!

சரி, நல்ல களியைத் துணியில் வடித்து, சீனி சேர்த்து, பச்சை வாசம் போகும்வரை மெல்லிய நெருப்பில் காய்ச்சுங்கள். ஆறிய பிறகே மாவைச் சேருங்கள். சூட்டோடு போட்டால் கட்டிபடும்.