தரையில் காரணம் தெரியாத ஈரமா? டைல்ஸை உடைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹாலின் நடுவே கையகல ஈரம். துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் வந்து நிற்கிறது. உடனே அந்த டைல்ஸைப் பெயர்த்துப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. டைல்ஸுக்கு அடியில் உள்ள மணல்-சிமென்ட் கலவைக்குள் நீர் பக்கவாட்டில் ஊறிப் போய், இளகின ஜாயின்ட் கிடைத்த இடத்தில் மேலே வரும். குளியலறைக் கசிவு பத்தடி தள்ளி ஹாலில் தெரிவது உண்டு.

அதனால் ஈரம் எப்போது வருகிறது என்று பாருங்கள். சாக்பீஸால் அதன் விளிம்பில் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் நேரமும் எழுதி, ஒரு வாரம் கவனியுங்கள். மழை, வெயில் பாராமல் பரவிக்கொண்டே போனால் தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்கலாம். குளித்த பிறகோ வாஷிங் மெஷின் ஓடிய பிறகோ கூடினால் கழிவுநீர்ப் பாதை. புழுக்கமான நாளில் மட்டும் தெரிந்தால் கசிவே இல்லாமலும் இருக்கலாம்.

இந்தக் கடைசி வகையில்தான் பணம் அதிகம் வீணாகிறது. காற்று 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தத் தரையும் வியர்க்கும். கீழ் வீட்டில் ஏசி ஓடும் அறைக்கு நேர் மேலே உள்ள தரைக்கும் இது நடக்கும். காயட்டும் என்று ஜன்னலைத் திறந்தால், வெளியே புழுக்கம் இருக்கும்வரை ஈரம் கூடத்தான் செய்யும். கலவையில் உப்புத் தண்ணீரோ கடல் மணலோ சேர்ந்திருந்தால், அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காய்ந்ததும் ஜாயின்டில் வெள்ளைப் பொடி பூத்திருப்பது உப்பின் அடையாளம். ஊசி வைத்த ஈரமானி உப்பையும் ஈரம் என்றே காட்டும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

பிரித்தறிய ஒரு வழி: தரையை நன்றாகத் துடைத்து, 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை ஜாயின்டுகளின் மேல் விரித்து, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் மேல்பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் நனைந்தால் கீழிருந்து வருகிறது.

குழாயைச் சோதிக்க, இரவில் மேல்தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, நீர்மட்டத்தில் குறி போடுங்கள். 1 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் மட்டம் 1 செ.மீ. இறங்கினால் சுமார் 8 லிட்டர் போயிருக்கிறது. ஃபிளஷ் டேங்கின் வால்வை மூட மறந்துவிடாதீர்கள். அது ஓசையில்லாமல் ஒழுகினாலும் மட்டம் இறங்கி, உங்களைத் தவறான பக்கம் அனுப்பிவிடும். மட்டம் இறங்கினால் மறுநாள் இரவிலிருந்து, குழாய்ப் பாதைகளை அடைக்கும் கேட் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

மட்டம் இறங்கவில்லை என்றதும் கசிவே இல்லை என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. கழிவுநீர்க் குழாய் பயன்படுத்தும்போது மட்டுமே கசியும். தொட்டிச் சோதனையில் அது சிக்காது. குளியலறைத் தரையில் நீர் வடியும் துளையான நானி ட்ராப்பைத் துணியால் இறுக அடைத்து, கதவுப்படியைத் தாண்டாமல் 2 செ.மீ. உயரத்துக்கு நீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். வெளியே ஈரம் கூடினால் குளியலறைத் தரையில் பழுது. கூடாவிட்டால் அடைப்பை எடுத்து, நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போது கூடினால் ட்ராப்பின் ஜாயின்டோ அதற்குக் கீழுள்ள குழாயோதான்.

காரணம் தெரியாமலே எபாக்ஸியோ வாட்டர்ப்ரூஃப் பூச்சோ போட்டு ஜாயின்டை அடைப்பது, இருப்பதிலேயே கெடுதலான வேலை. வெளியேற வழியில்லாத நீர் சுவரில் ஏறிப் பெயின்டை உரிக்கும், மர நிலைகளின் அடியை உளுத்துப்போக வைக்கும். வெள்ளைக் கறையை ஆசிட் ஊற்றித் தேய்த்தால் ஜாயின்ட் சிமென்ட் கரைந்து, நீர் வரும் வழி இன்னும் அகலமாகும்.

பழுது பார்த்தாயிற்று என்று மறுநாளே டைல்ஸ் பதிக்காதீர்கள். ஊறிய கான்கிரீட் காய, 1 மி.மீ. தடிமனுக்கு 1 நாள் என்பது தோராயக் கணக்கு, 50 மி.மீ.க்கு மேல் போனால் இன்னும் மெதுவாகக் காயும். அதே பிளாஸ்டிக் தாளை வெறும் கான்கிரீட்டில் ஒட்டி, 16 மணி நேரம் கழித்துத் தாளின் அடிப்பக்கம் காய்ந்திருந்தால் மட்டும் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.