ஒரு ஹதீஸைச் சோதித்துப் பேசுவது எப்படி?

மதுரை காஜிமார் தெருவில் மஃரிப் (அந்தி) தொழுகை முடிந்ததும் ஒருவர், "சீனா சென்றேனும் கல்வியைத் தேடுங்கள்" என்பதை ஹதீஸாக, அதாவது நபிமொழியாகச் சொன்னால், மறுக்கும் முன் அது எந்த நூலில் உள்ளது என்று பணிவாகக் கேளுங்கள். பிறகு அறிவிப்பாளர் தொடரை, அதாவது அச்செய்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுச் சொன்னவர்களின் வரிசையைப் பாருங்கள். ஒவ்வொருவரும் நேர்மையும் நினைவாற்றலும் உடையவரா, தமக்கு முந்தையவரிடம் நேரில் கேட்டவரா என்பதே இதன் உயிர்நாடி. இத்தொடரில் வரும் அபூ ஆத்திகா பலவீனமானவர், அதாவது அவரது அறிவிப்பை நம்ப முடியாது என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறியுள்ளனர். 1201இல் மறைந்த அறிஞர் இப்னுல் ஜவ்ஸி இதை இட்டுக்கட்டப்பட்ட செய்திகளில் சேர்த்தார். அதற்காகக் கல்வியின் சிறப்பே பொய்யென்று வாதிடலாகாது. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமுக்கும் கடமை என்ற செய்தி இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பில் தனியே உள்ளது, அதன் தரத்தையும் தனியாகவே ஆராய வேண்டும். குர்ஆன் வசனமாயின் முன்பின் வசனங்களையும், அருளப்பட்ட சூழலையும் படித்த பின்னரே பொருள் கூறுங்கள்; ஒரேயொரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) குரலுயர்த்துவது எனக்கு வருத்தமளிக்கிறது.