'பாரனாய்ட்' ஆல்பத்தைக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் ராக் இசைக்குழுவான பிளாக் சபத்தின் 'பாரனாய்ட்' ஆல்பம் 1970 செப்டம்பரில் அந்நாட்டில் வெளிவந்தது. ராக் இசையின் கனத்த வகையான ஹெவி மெட்டலை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது எட்டுப் பாடல்கள் கொண்ட இந்த ஆல்பத்தைத்தான். ஆனால் கேட்கும் முன்பே இதைப் பற்றி முடிவுகட்டிவிடுபவர்கள் இன்னும் ஏராளம்.

குழுவின் பெயரையும் கறுப்பு உடையையும் வைத்து இது சாத்தானைப் போற்றும் இசை என்று ஒதுக்குவதுதான் முதல் தவறு. முதல் பாடலான 'வார் பிக்ஸ்'-இல் சாத்தான் வருவது உண்மை. ஆனால் போரை மூட்டிவிட்டுத் தாங்கள் ஒதுங்கிக்கொண்டு, ஏழைகளைக் களத்துக்கு அனுப்பும் தளபதிகளும் அரசியல்வாதிகளும், தீர்ப்பு நாளில் மண்டியிட்டுக் கெஞ்சும்போது அவர்களைப் பார்த்துச் சிரிப்பவனாகவே அவன் வருகிறான். கிட்டாரும் பேஸ் கிட்டாரும் அடங்கி, டிரம்ஸின் இரட்டைத் தகடான ஹை-ஹாட்டின் தட்டல் மட்டும் கேட்கும் இடைவெளிகளில் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் அந்தக் குற்றச்சாட்டை வரி வரியாக வைப்பதைக் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். பெரும்பாலான வரிகளை எழுதியவர் பேஸ் கிட்டார் கலைஞர் கீசர் பட்லர். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான வீரர்களைப் பற்றிய 'ஹேண்ட் ஆஃப் டூம்'-உம் இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது.

தலைப்புப் பாடலான 'பாரனாய்ட்'-ஓடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. ஆல்பத்தின் நீளம் போதவில்லை என்று கடைசியில் அவசரமாக எழுதிச் சேர்த்த, மூன்று நிமிடம்கூட ஓடாத பாடல் அது. ஆல்பத்துக்கு முதலில் வைக்க நினைத்த பெயரே 'வார் பிக்ஸ்'தான். அட்டையில் வாளோடு பாயும் மனிதன் அந்தப் பெயருக்காகப் படமெடுக்கப்பட்டவன். பாடல்களை வரிசை மாற்றிக் கேட்பதும் இழப்பே. சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி வழியே ஆஸியின் குரல் மிதந்து வரும் 'பிளானட் கேரவன்' ஓய்ந்த உடனே வருவதால்தான் 'அயர்ன் மேன்' அவ்வளவு பாரமாக இறங்குகிறது. அந்தப் பாடலுக்கும் மார்வெல் நாயகனுக்கும் தொடர்பில்லை. அது, உலகின் அழிவை முன்கூட்டியே கண்டு திரும்பியும் யாராலும் பொருட்படுத்தப்படாத ஒருவனின் கதை.

கைபேசியின் சிறு ஸ்பீக்கரில் இதைக் கேட்காதீர்கள். கிட்டார் கலைஞர் டோனி அயோமி தனி வாசிப்புக்குச் செல்லும் இடங்களில் பாடலைத் தாங்கி நிற்பது பட்லரின் பேஸ்தான். சிறு ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும். ஹெட்போனில் கேட்டால் 'வார் பிக்ஸ்'-இன் தனி வாசிப்பில் இரண்டு கிட்டார்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து செல்வதையும் கவனிக்கலாம்.

அயோமியின் விரல் காயத்தால் தந்திகளைத் தளர்த்தியே இந்த ஆல்பத்தின் கனத்த ஒலி கிடைத்தது என்று எழுதுபவர்கள் இரண்டு செய்திகளைக் குழப்புகிறார்கள். பர்மிங்ஹாமின் தகட்டுத் தொழிற்சாலையில் 17 வயதில் அவர் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்ததும், இடக்கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே பாதிக்கப்பட்டதும், பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டதும் உண்மை. ஆனால் சுருதியை வெகுவாக இறக்கியது 1971-இல் வந்த அடுத்த ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில்தான். 'பாரனாய்ட்' வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டது.

பிற்கால மெட்டலின் வேகத்தை எதிர்பார்த்து வருபவர்கள் பில் வார்டின் டிரம்ஸைத் தவறவிடுகிறார்கள். ஜாஸ் கேட்டு வளர்ந்த அவருடைய தாளம் இயந்திரம்போல் நேராக ஓடாமல் ஊசலாடிச் செல்லும். கடைசிப் பாடலான 'ஃபேரீஸ் வேர் பூட்ஸ்'-ஐ ஒருமுறை டிரம்ஸுக்காக மட்டுமே கேளுங்கள்.