தேய்ந்த டைமிங் பெல்ட்டைக் கண்டறிந்து மாற்றுவது எப்படி?

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் எதுவானாலும், கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) இரண்டு சுற்று முடிக்கும்போது கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) ஒரே ஒரு சுற்று முடித்திருக்க வேண்டும். பிஸ்டன் ஏறி இறங்கும் ஓட்டத்தோடு வால்வுகள் திறந்து மூடும் நேரம் பிசகாமல் பொருந்துவது இந்தக் கணக்கால்தான். பல கார்களில் இதைக் காத்து நிற்பது, உள்பக்கம் பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பெல்ட். இங்கே விளக்கப்போவது அந்த டைமிங் பெல்ட்டைப் பற்றி மட்டுமே. செயின் உள்ள எஞ்சினுக்கும், பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் எஞ்சினுக்கும் வேலை முறை வேறு.

பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் அப்படியே நின்றுவிடும். கிராங்க் ஷாஃப்ட்டோ வண்டியின் வேகத்தில் இன்னும் சில சுற்றுகள் சுற்றும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை மாறி மாறிப் பயன்படுத்தும்படி அமைந்த எஞ்சினில், திறந்தபடி நின்றுபோன வால்வுகளைப் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வுகள் வளைந்துவிட்டால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும். இவ்வகை எஞ்சின்களை இன்டர்ஃபியரன்ஸ் எஞ்சின் என்பார்கள். உங்கள் வண்டியில் இருப்பது அதுவா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது

பெல்ட் பெரும்பாலும் எந்த முன்னறிவிப்பும் தராமல்தான் அறுகிறது. ஆகவே, சத்தம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பது தவறு. கிலோமீட்டரையும் வயதையும் முதலில் பாருங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் மாற்ற வேண்டிய அளவு குறிப்பிடப்பட்டிருக்கும். பல எஞ்சின்களுக்கு அது 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் வரும். கூடவே ஆண்டுக் கணக்கும் இருக்கும், ஏனெனில் ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் முதுமை அடைகிறது. பழைய வண்டி வாங்கியிருந்து, பெல்ட் மாற்றியதற்கான பதிவு கிடைக்கவில்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி தெரிந்தால், அது பெரும்பாலும் பெல்ட்டைச் சுற்றியுள்ள பாகங்களிலிருந்து வரும். எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் இரைச்சல், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கி வைக்கும் பாகம்) அல்லது ஐட்லர் புல்லியின் (பெல்ட்டை வழிநடத்தும் சக்கரம்) பேரிங் தேய்ந்ததைக் காட்டலாம். பெல்ட் ஒரு பல் தாண்டியிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகத் திணறும், இழுவை குறையும், எஞ்சின் விளக்கு எரியும். பழுதைப் படிக்கும் ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால், கிராங்க் நிலையும் கேம் நிலையும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். சென்சார் பழுதாலும் அதே குறியீடு வரக்கூடும் என்பதால், அதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

எஞ்சின் குளிர்ந்த பின் மேல் கவரைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே சிறிது சிறிதாகச் சுற்றினால் பெல்ட் முழுவதையும் பார்த்துவிடலாம். பற்களின் அடிப்பகுதியில் மெல்லிய வெடிப்பு, ஓரத்தில் பிரிந்து தொங்கும் நூல், கண்ணாடிபோல் பளபளக்கும் முதுகு, ஆயில் ஈரம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பெல்ட் மாற்றத்துக்கு உரியது. ஆயில் தெரிந்தால், கசிகிற ஆயில் சீலையும் மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் புதிய பெல்ட்டும் அதே ஆயிலில் ஊறிக் கெடும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கெடு தாண்டிய பெல்ட்டை விட்டுவைக்காதீர்கள். பலம் தருவது ரப்பருக்குள் ஓடும் கண்ணாடி இழை நூல். அதன் நிலை வெளியே தெரியாது.

கழற்றும் முன்

பெல்ட்டோடு டென்ஷனரையும் ஐட்லர் புல்லியையும் சேர்த்தே வாங்குங்கள். வாட்டர் பம்பை இதே பெல்ட் சுற்றுவதாக இருந்தால் அதையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை, ஏனெனில் பிறகு அது கசிந்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும். உங்கள் எஞ்சினுக்கான பழுதுநீக்கக் கையேடும் டார்க் ரெஞ்ச்சும் (போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் கருவி) இல்லாமல் தொடங்க வேண்டாம். கிராங்க் பல்சக்கரத்தில் சாவிக்கட்டை (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு துண்டு) இல்லாமல் இறுக்கத்தால் மட்டுமே நிற்கும் எஞ்சின்கள் உண்டு. அவற்றுக்குத் தனி லாக்கிங் கருவிகள் தேவைப்படும். அவ்வகை எஞ்சினை முதல் முயற்சியிலேயே தொடாமல் இருப்பது நல்லது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது. பக்கத்துச் சக்கரம், வெளி பெல்ட், ஸ்பார்க் பிளக்குகள் ஆகியவற்றைக் கழற்றுங்கள். பிளக் எடுத்தபின் கிராங்க் கையால் எளிதாகச் சுற்றும். எஞ்சின் மவுண்ட்டை அகற்ற வேண்டியிருந்தால், ஆயில் பேனுக்கு அடியில் ஜாக்கியையும் மரக்கட்டையையும் வைத்து எஞ்சினைத் தாங்கிக்கொள்ளுங்கள். கிராங்க் புல்லி போல்ட் 150 நியூட்டன் மீட்டரையும் தாண்டி முறுக்கப்பட்டிருப்பது உண்டு. புல்லியைப் பிடித்து நிறுத்தும் கருவியும் நீண்ட கைப்பிடியும் கொண்டு அதைத் தளர்த்துங்கள். போல்ட்டில் கைப்பிடியை மாட்டிவிட்டு, ஸ்டார்ட்டரை ஒரு கணம் இயக்கி அவிழ்க்கும் வழக்கத்தை ஒருபோதும் பின்பற்றாதீர்கள்.

குறிகள்

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு குறி இருக்கும்; அதற்கு நேராக எஞ்சின் உடலில் மற்றொன்று இருக்கும். கேம் பல்சக்கரத்துக்கும் அப்படியே ஒரு ஜோடி உண்டு. முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது எல்லாக் குறிகளும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். கிராங்க் குறி பொருந்தி, கேம் குறி நேர் எதிர்ப்பக்கம் நின்றால் பதற வேண்டாம். கிராங்க்கை இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் இரண்டும் சேரும்.

பழைய பெல்ட் மாட்டியிருக்கும்போதே குறிகளைத் துடைத்து, வெள்ளைப் பெயிண்ட் தொட்டுவைத்து, படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராங்க் குறிக்கும் கேம் குறிக்கும் இடையில் எத்தனை பற்கள் என்று எண்ணி எழுதியும் வைப்பேன். அலட்சியம் செய்ய இடமே இல்லை: 20 பற்கள் கொண்ட கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு பல் தவறினால், வால்வு நேரம் 18 டிகிரி பிசகிவிடும்.

இனி டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை உருவலாம். இரட்டைக் கேம் எஞ்சினில், வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் பெல்ட் விலகியவுடன் கேம் சட்டெனத் திரும்பக்கூடும். கையேடு சொல்லும் லாக் கருவியை முன்பே மாட்டிவிடுங்கள். பெல்ட் இல்லாத நேரத்தில் கிராங்க்கையோ கேமையோ தனியாகச் சுற்றக் கூடாது.

புதிய பெல்ட்டை மாட்டுவது

புதிய பெல்ட்டை மடிக்கவோ முறுக்கவோ கூடாது. ஆயில் கையால் தொடவும் கூடாது. அம்புக்குறி இருந்தால் எஞ்சின் சுற்றும் திசையில் வையுங்கள். பொதுவாக, கிராங்க் பல்சக்கரத்தில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கத்தைத் தொய்வின்றி இழுத்துக் கேமில் மாட்டி, மிச்சத் தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் சேரும்படி செய்ய வேண்டும். பிறகு கையேட்டின்படி டென்ஷனரை அமைத்துப் போல்ட்டை முறுக்குங்கள். ஹைட்ராலிக் டென்ஷனராக இருந்தால், அதைப் பூட்டி வைத்திருக்கும் ஊசியைக் கடைசியில்தான் உருவ வேண்டும்.

அடுத்து, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பல்சக்கரக் குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது, மாட்டிய நிலையில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. இரண்டு சுற்றுக்குப் பின் கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது. தொய்வை நான் தவறான பக்கத்தில் விட்டிருந்தேன். சாவியைத் திருப்பும் முன் அது தெரிந்ததால் எஞ்சின் பிழைத்தது. சுற்றும்போது ஏதேனும் கெட்டியாகத் தடுத்தால் அழுத்தித் திருப்பாதீர்கள். அது வால்வும் பிஸ்டனும் தொடும் இடமாக இருக்கலாம். பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட கோடுகள் இப்போது பொருந்தாமல் போவது இயல்பே. அவை மாட்டும்போது உதவ மட்டும்தான். பல்சக்கரக் குறிகளையே பாருங்கள்.

குறிகள் சரியென்றால் கவர்களையும் புல்லியையும் மவுண்ட்டையும் மாட்டுங்கள். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்க கிராங்க் போல்ட் என்று கையேடு சொன்னால் புதியதைப் போடுங்கள். வாட்டர் பம்பை மாற்றியிருந்தால் கூலன்ட் நிரப்பிக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லில் ஓடவிட்டு, கவருக்கு அருகே உராய்வுச் சத்தமோ சீறலோ கேட்கிறதா என்று கவனியுங்கள்; கேட்டால் உடனே நிறுத்துங்கள். சீராக ஓடினால், மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவிடுங்கள்.