டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டும் முன்

சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் 2.5 லிட்டர் டர்போ என்ஜினை வீட்டு வாசலில் வைத்து நானே பராமரித்து வருகிறேன். வெளிப்புகையின் விசையால் சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவிதான் டர்போ. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாக எதிரெதிரே படுத்திருக்கும் அமைப்பு இது; பாக்ஸர் என்பார்கள். சொன்னபடி கேட்கும் என்ஜின்தான். ஆனால் ஆயில் விஷயத்தில் அலட்சியம் காட்டினால் மன்னிக்காது. வீட்டில் வேலை பார்ப்பவர்களின் பெரிய தவறு, பழுதின் காரணத்தைத் தேடாமல் பழுதான பாகத்தை மட்டும் மாற்றுவது. அதற்கு நானே விலை கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் வேகம் கூட்டும்போது டர்போவிலிருந்து சைரன் போல ஊளைச் சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்தேன், உள்ளிருந்த இறக்கைச் சக்கரம் அதன் வெளி ஓட்டில் உரசியிருந்தது. பழைய டர்போ ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். ஆயிரம் கிலோமீட்டர் முடிவதற்குள் அதே ஊளை திரும்ப வந்தது. இரண்டாவது முறை நிதானமாக ஆயில் குழாயைத் தொடர்ந்து போனேன். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயை என்ஜினில் இறுக்கியிருப்பது நடுவில் துளையிட்ட ஒரு போல்ட். பான்ஜோ போல்ட் என்று பெயர். அதற்குள் விரல் நுனியில் அடங்கிவிடும் சின்னக் கம்பிவலைச் சல்லடை ஒன்று இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. கருகிய ஆயில் பிசின் போல ஒட்டி அத்தனையையும் அடைத்திருந்தது. டர்போவுக்குள் இருப்பது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் தண்டு. மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. அந்தப் படலம் இல்லாவிட்டால் எந்த டர்போவும் பிழைக்காது. டர்போவைத் தொடுவதற்கு முன் இந்தச் சல்லடையைப் பாருங்கள். போல்ட்டின் இருபுறமும் உள்ள செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

புகையைப் பார்த்ததும் டர்போவைக் குற்றம் சாட்டுவதும் இதே வகைத் தவறுதான். வெளிப்புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். எங்கிருந்து வருகிறது என்பது வேறு கேள்வி. என்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியே விடும் பி.சி.வி. வால்வு அடைபட்டிருந்தால், டர்போவிலிருந்து ஆயில் கீழே வடிய முடியாமல் சீல்களைத் தாண்டிக் கசியும். டர்போவில் குறை ஒன்றும் இருக்காது. அந்த வால்வின் விலையோ அற்பம். தண்டைக் கையால் அசைத்துப் பார்ப்பவர்களும் ஏமாறுகிறார்கள். ஆயில் இல்லாதபோது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு. தண்டின் நீளவாக்கில் முன்னும் பின்னும் அசைவது கையில் தெரிந்தாலோ, இறக்கைகள் ஓட்டைத் தொட்டாலோதான் அது முடிந்துபோன டர்போ.

அடுத்தது ஆயில் அளவு பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக். அவசரமாகப் பார்த்தால் இந்த என்ஜினில் அது பொய் சொல்லும். என்ஜினை நிறுத்திய உடனே உருவிப் பார்த்தால் குழாய்ச் சுவரில் ஒட்டிய ஆயிலும் சேர்ந்து மேல்கோடு வரை தடம் காட்டும். சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடங்கள் விடுங்கள். காலையில் ஓட்டுவதற்கு முன் பார்ப்பது இன்னும் நல்லது. துடைத்து, செருகி, எடுத்து, இரு பக்கமும் பாருங்கள். தாழ்வாகத் தெரியும் பக்கத்தையே நம்புங்கள். இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர். மொத்தமே நான்கு லிட்டர் சொச்சம் பிடிக்கிற என்ஜினுக்கு அந்த ஒரு லிட்டர் எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள். ஆயில் மாற்றும் நாள்வரை டிப்ஸ்டிக்கைத் தொடாமல் ஓட்டியதால் பேரிங் போன என்ஜின்கள் ஏராளம். பெட்ரோல் போடும்போதெல்லாம் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

காற்றுக் கசிவைத் தேடாமல், காற்றை அளக்கும் சென்சாரை மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வழி. உள்ளே போகும் காற்றை டர்போவுக்கு முன்னாலேயே அளந்துவிடும் கார் இது. டர்போவைத் தாண்டி, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர் இணைப்பில் கசிந்தால் அளந்த காற்று வெளியே போய்விடும். பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் மறைந்திருக்கும் ரப்பர் குழாய் வெடித்தாலோ அளக்காத காற்று உள்ளே புகும். பெட்ரோல் போதாமல் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, தடுமாறும். டர்போவுக்குப் போகும் அந்தக் குழாயின் சென்சார் பக்க வாயை அடைத்து, ஒரு டயர் வால்வு வழியாக 10 முதல் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரை காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள்.

இதே காரணத்தால், கியர் மாற்றும்போது ‘புஸ்’ என்று சத்தம் வர வேண்டும் என்பதற்காகக் காற்றை வெளியே விடும் வால்வைப் பொருத்துவதும் வேண்டாத வேலை. காரின் கணினி அளந்து கணக்கில் வைத்த காற்றைத் தெருவில் கொட்டிவிட்டு, என்ஜின் இடறுகிறது என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை.

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி அணைப்பவர்கள் துப்பையும் சேர்த்து அழிக்கிறார்கள். முதலில் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு, பழுதுக் குறியீட்டையும் அந்த நேரத்து வெப்பம், வேகம் முதலியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் எரியாமல் தொடர்ந்து விடுபட்டால், பொறி தரும் பிளக்கையும் அதற்கு மின்சாரம் தரும் காயிலையும் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் அதே சிலிண்டரே விடுபட்டால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், பார்த்தே ஆக வேண்டும். இந்த என்ஜினில் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவிலுள்ள விளிம்பு உடைவது தெரிந்த நோய். நான்காம் சிலிண்டரில் அதிகம் கேள்விப்படுகிறோம். மட்டமான பெட்ரோலும், கணினியைச் சரிசெய்யாமல் ஏற்றிய பூஸ்டும் (டர்போ தரும் காற்றழுத்தம்)தான் அதற்குத் தீனி.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் நிரப்பும்போது இரண்டு மூடிகளை நினைவில் வையுங்கள். ஒன்று ரேடியேட்டரில், மற்றது என்ஜின்மேல் உயரத்தில் இருக்கும் சின்ன உலோகத் தொட்டியில். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மாற்றிப் போட்டால் அழுத்தம் தவறான இடத்தில் திறக்கும், காற்று உள்ளே சிக்கும், காரணமே தெரியாமல் வெப்பம் ஏறும். கழற்றும்போதே சுண்ணாம்புக்கட்டியால் அடையாளம் போட்டுவிடுங்கள். சூடாக இருக்கும்போது எதையும் திறக்காதீர்கள்.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்ற அமெரிக்கக் கையேடு தரும் கெடு 1,05,000 மைல், அதாவது சுமார் 1,68,000 கிலோமீட்டர். பழைய காரை வாங்கி, மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். பெல்ட் ஓடும் உருளைகளையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றுங்கள்.

புதிய டர்போ பொருத்திய பிறகு நேராகச் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயில் துளையில் சில சொட்டுகள் ஊற்றி, கையால் சுற்றிவிட்டு, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற விடுங்கள். பிறகு சில நிமிடங்கள் ஐடிலில் ஓடட்டும். அப்போது குனிந்து இணைப்புகளைப் பாருங்கள்.

எப்போதாவது என்ஜினின் அடிப்பகுதியிலிருந்து, வேகத்தோடு சேர்ந்து கூடும் கனத்த ‘டொக் டொக்’ சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வீடு இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே என்று ஓட்ட வேண்டாம். பேரிங் தேய்ந்த நிலையில் நின்ற என்ஜினின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சில சமயம் காப்பாற்ற முடியும். அந்த ஐந்து கிலோமீட்டர் ஓடியபின் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு என்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். இழுவை வண்டிக்குப் போன் செய்துவிட்டுச் சாலையோரமாகக் காத்திருங்கள்.